வியர்வை அறமும் மின்சைக்கிளும்

மின்சாரத்தின் துணையோடு இயங்கும் துவிச்சக்கரவண்டியைச் செலுத்துபவர்மீது இரு குற்றங்கள் சுமத்தப்படுகின்றன. அவர் சோம்பேறி என்பது ஒன்று. அவர் ஏமாற்றுகிறார் என்பது மற்றையது. முன்னது அவரது பண்பைப் பற்றியது. பின்னது அவரது நேர்மையைப் பற்றியது. மலைவீதியில் முதியவரொருவரால் முந்தப்பட்ட இளைஞனின் எரிச்சலாகப் பிறக்கும் இவ்வார்த்தைகள், இன்று ஓர் அறக்கோட்பாட்டின் தோரணையைப் பெற்றுவிட்டன. "சைக்கிள் என்றால் உழக்கத்தான் வேண்டும், உழக்க மாட்டாதவன் மோட்டார் சைக்கிள் வாங்கட்டும்" என்று தீர்ப்புக் கூறுவோர் எங்கும் உளர்.

இத்தீர்ப்பு ஆராயப்பட வேண்டியது. ஏனெனில், இது ஒரு வண்டியைப் பற்றிய தீர்ப்பு மட்டுமன்று. உடலுழைப்பு எதற்காக மதிக்கப்படுகிறது, யாருடைய உழைப்பு உழைப்பாகக் கணிக்கப்படுகிறது என்னும் வினாக்களும் இதனுள் அடங்கியுள்ளன. பயணத்தின் பயனை மறந்து பயணியின் வருத்தத்தையே அறமாக்கும் போக்கு இதன் அடியில் உள்ளது. இதனை வியர்வை அறம் எனலாம். வலிமையுடையோர் தமது வலிமையையே ஒழுக்கமென நாட்டிக்கொள்ளும் முயற்சியன்றி இது வேறன்று.

குற்றச்சாட்டை ஆராயுமுன் குற்றஞ்சாட்டப்பட்ட பொருள் யாதென அறிதல் வேண்டும். மின்சைக்கிள் என்னும் பெயரால் பலவகை வண்டிகள் விற்பனையாகின்றன. கைப்பிடியைத் திருகியதும் தானே ஓடும் வண்டியும் அவற்றுள் ஒன்று. அது உண்மையில் மின்சாரத்தால் ஓடும் ஒரு மோட்டார் சைக்கிளே. ஈண்டு கருதப்படுவது அதுவன்று. 1993 ஆம் ஆண்டு யப்பானில் யமஹா நிறுவனம் விற்பனைக்கு விட்ட வண்டியின் வழிவந்த, பெடலை மிதித்தால் மட்டுமே துணைசெய்யும் வண்டியே ஈண்டு பேசப்படுவது. செலுத்துபவரின் கால் பெடலை அழுத்தும் விசையை ஓர் உணர்கருவி அளக்கிறது. அவ்விசைக்கு ஏற்ற அளவில் மோட்டார் தன் பங்கைச் சேர்க்கிறது. கால் நின்றால் மோட்டாரும் நிற்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டப்படி இம்மோட்டாரின் தொடர்வலு 250 உவாற்றுக்கு மேற்படலாகாது. வேகம் மணிக்கு 25 கிலோமீற்றரை எட்டியதும் துணை அறுந்துவிடவேண்டும். அதற்கு மேலும் விரைந்து செல்ல விரும்புவோர் தம் கால்களையே நம்பவேண்டும். ஆகவே, "உழக்காமல் போகிறார்" என்னும் கூற்று முதற்படியிலேயே பிழையாகிறது. உழக்குகிறார், ஆனால் தனியாக உழக்கவில்லை என்பதே உண்மை.

இனி, ஏமாற்றுதல் என்னும் குற்றச்சாட்டை நோக்கலாம். ஏமாற்றுதல் நிகழ்வதற்கு மூன்று நிபந்தனைகள் தேவை: போட்டி ஒன்று இருத்தல் வேண்டும், அப்போட்டிக்கு எல்லோரும் ஏற்ற விதி இருத்தல் வேண்டும், அவ்விதியை மறைவாக மீறுதலால் இன்னொருவர் இழப்படைதல் வேண்டும். இம்மூன்றும் பொருந்திய சந்தர்ப்பமும் உண்டு. 2016 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் பெல்ஜியத்தின் சோல்டர் நகரில் நடைபெற்ற வயல்வெளிச் சைக்கிளோட்ட உலகப் போட்டியில், இளம் வீராங்கனை ஒருவருக்கென வைத்திருந்த வண்டியின் சட்டத்தினுள் மறைத்து வைக்கப்பட்ட மோட்டார் கண்டுபிடிக்கப்பட்டது. சர்வதேசச் சைக்கிளோட்டச் சங்கம் அவருக்கு ஆறாண்டுத் தடையும் 20,000 சுவிஸ் பிராங்கு தண்டமும் விதித்தது. அத்தண்டனை நியாயமானதே. அங்கே விதி இருந்தது, மறைப்பு இருந்தது, எதிர்நின்று ஓடிய பெண்கள் இருந்தனர்.

ஆனால், சந்தைக்கு மரக்கறி வாங்கச் செல்பவர் யாரோடு போட்டியிடுகிறார்? காலை எட்டு மணிக்குக் கந்தோருக்குச் செல்லும் எழுதுவினைஞரைத் தோற்கடிக்க எதிரே நிற்பவர் யார்? அவரது வண்டியின் பற்றறி எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி சட்டத்திலேயே பூட்டப்பட்டிருக்கிறது. மறைப்பு இல்லை; விதி இல்லை; போட்டியும் இல்லை. எஞ்சியிருப்பது, அவரை முந்தமுடியாமற்போன இன்னொருவரின் மனத்தாங்கல் மட்டுமே. பொதுவீதியைப் பந்தயத்திடலாகக் கற்பித்துக்கொண்டவர், அக்கற்பனைப் பந்தயத்தில் சேராதவரை ஏமாற்றுக்காரர் என்கிறார். விளையாட்டின் சட்டம் வாழ்க்கையின் சட்டமாக மாற்றப்படும் விந்தை இதுவாகும்.

இவ்விந்தை புதியதுமன்று. துவிச்சக்கரவண்டியின் வரலாற்றில் ஒவ்வொரு திருத்தமும் இதே குற்றச்சாட்டுக்கு ஆளாகியே வந்திருக்கிறது. 1888 இல் ஜோன் போய்ட் டன்லப் காற்றடைத்த ரயருக்குக் காப்புரிமை பெற்றார். வன்மையான இறப்பர் பூட்டிய சக்கரங்களுக்குப் பழகிய கண்களுக்கு அந்தத் தடித்த ரயர் நகைப்புக்குரியதாகவே தோன்றிற்று. 1889 மே மாதத்தில் பெல்பாஸ்ற் நகரின் குயின்ஸ் கல்லூரி விளையாட்டு விழாவில் வில்லியம் ஹியூம் அந்த ரயரைப் பூட்டிய வண்டியில் ஓடி வென்றபின் நகைப்பு அடங்கிற்று.

கியரின் வரலாறு இன்னும் தெளிவானது. 1903 இல் 'ரூர் டி பிரான்ஸ்' ஓட்டத்தைத் தொடக்கிய ஹென்றி டெகிராஞ், பல கியர்களைக் கொண்ட வண்டி நாற்பத்தைந்து வயதைக் கடந்தோர்க்கே உரியது என்று அதற்கு முந்திய ஆண்டிலேயே எழுதியவர். பொறியின் தந்திரத்தால் வெல்வதினும் தசையின் வலிமையால் வெல்வதே மேலென்பது அவரது கொள்கை. இக்கொள்கையின் விளைவாக, ஏற்றத்துக்கு ஒரு கியரும் சமதரைக்கு ஒரு கியருமாக, ஓட்டவீரர் வண்டியை நிறுத்தி இறங்கிப் பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் பூட்டவேண்டிய நிலை நெடுங்காலம் நீடித்தது. ஓடும்போதே செயினை இடம்மாற்றும் கியர், 1937 ஆம் ஆண்டிலேயே அவ்வோட்டத்தில் அனுமதிக்கப்பட்டது. செந்தேத்தியன் நகரில் வாழ்ந்து, கியரின் பயனை வாழ்நாள் முழுவதும் எடுத்துரைத்த போல் த விவி, அனுமதி கிடைப்பதற்கு ஏழாண்டுகளின் முன்னரே, 1930 இல், காலமாகிவிட்டார்.

இன்று மின்சைக்கிளை ஏமாற்று என்று ஏசுபவரின் வண்டியில் காற்றடைத்த ரயர் உண்டு. இருபதுக்கு மேற்பட்ட கியர்களும் பெரும்பாலும் உண்டு. நேற்றைய 'ஏமாற்று' அவருக்கு இன்றைய மரபாகிவிட்டது. தாம் பிறக்குமுன் கண்டுபிடிக்கப்பட்டவற்றை இயல்பானவை என்றும், தாம் வளர்ந்தபின் வந்தவற்றைச் சீரழிவு என்றும் கொள்வது தத்துவமாகாது. அது பழக்கத்தின் பிடிவாதமேயாகும். உண்மையில், தசை வலிமைக்குத் துணைதேடுவது குற்றமாயின், துவிச்சக்கரவண்டியே முதற்குற்றவாளி. நடப்பவர் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கைக் கொண்டே சைக்கிளில் செல்பவர் அதே தூரத்தைக் கடந்துவிடுகிறார். நடந்து செல்பவர் அவரை ஏமாற்றுக்காரர் என அழைக்கவில்லை. அது நடப்பவரின் பெருந்தன்மை போலும்.

அடுத்தது சோம்பல் என்னும் குற்றச்சாட்டு. தமிழ் மரபிலே சோம்பலைக் கண்டித்தவருள் வள்ளுவரினும் கடியவர் இலர். 'மடியின்மை' என ஓர் அதிகாரமே அவர் வகுத்துள்ளார். ஆனால், அங்கே மடி எனப்படுவது செய்யவேண்டிய கருமத்தைச் செய்யாது விடுதல். அதனால் குடி கெடுதல். கருமத்தைச் செய்யும்போது எவ்வளவு வியர்வை சிந்தியது என்னும் கணக்கு அங்கில்லை. கூடிய நேரமும் கூடிய வருத்தமும் செலவாவதனாலேயே ஒரு பண்டத்தின் பெறுமதி கூடிவிடாது என்பதைக் கார்ல் மார்க்சும் 'மூலதனம்' நூலின் தொடக்கத்திலேயே தெளிவாக்கியுள்ளார். குறள் கூறும் அறமும் மார்க்சின் பொருளியலும் இவ்விடயத்தில் வியர்வை அறத்துக்குச் சாட்சி கூறவில்லை.

உடலியற் சான்றும் அவ்வாறே. அன்ற்வேர்ப், பார்சலோனா, இலண்டன், ஒரெப்ரோ, உரோம், வியன்னா, சூரிச் ஆகிய ஏழு ஐரோப்பிய நகரங்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் திரட்டிய தகவல்களைக் கொண்ட ஆய்வொன்று 2019 இல் வெளிவந்தது. மின்சைக்கிள் செலுத்துவோரின் வாராந்த உடலியக்கம் சாதாரண சைக்கிள் செலுத்துவோரின் உடலியக்கத்துக்குக் குறைந்ததன்று என்பது அதன் முடிபு. காரணம் எளியது: முன்னையோர் மின்சைக்கிளில் ஒரு பயணத்தில் சராசரியாக 9.4 கிலோமீற்றர் சென்றனர், பின்னையோர் 4.8 கிலோமீற்றரே சென்றனர். சாதாரண சைக்கிளைக் கைவிட்டு மின்சைக்கிளுக்கு மாறியோரின் உடலியக்கம் சிறிது குறைந்ததும் உண்மையே. ஆனால், காரையும் பொதுப் போக்குவரத்தையும் விட்டு மாறியோர் அடைந்த ஆதாயம் அவ்விழப்பினும் பெரிது. இவ்வுண்மையின் இருபக்கமும் கூறப்படல் வேண்டும். குற்றஞ்சாட்டுவோர் முதற்பக்கத்தை மட்டுமே படிக்கின்றனர்.

எளிய கணக்கொன்று மேலும் தெளிவுதரும். ஆளும் வண்டியுமாகத் தொண்ணூறு கிலோகிராம் எனக் கொள்க. நூறு மீற்றருக்கு ஆறு மீற்றர் உயரும் சரிவில் மணிக்குப் பத்துக் கிலோமீற்றர் வேகத்தில் ஏற, புவியீர்ப்பை வெல்வதற்கு மட்டும் ஏறத்தாழ 147 உவாற்று வேண்டும். பயிற்சியற்ற ஒருவரால் ஒரு மணிநேரம் இடையறாது தரக்கூடியது ஏறத்தாழ நூறு உவாற்றே. பயிற்சிபெற்ற இளைஞனுக்கு அச்சரிவு ஓர் உடற்பயிற்சி. ஐம்பது வயதுப் பெண்ணுக்கு அது இறங்கித் தள்ளவேண்டிய சுவர். அப்பெண்ணின் வண்டியில் மோட்டார் சரிபாதியைச் சுமந்தால், அவர் தரவேண்டியது எழுபத்துநான்கு உவாற்று. அவரும் வியர்க்கிறார், ஆனால் மேலே சென்று சேர்கிறார். கண்டி போன்ற மலைநாட்டு நகரங்களில் சைக்கிள் பெருவழக்குப் பெறாததும், யாழ்ப்பாணத்துச் சமதரையில் வீட்டுக்கு வீடு நிலைபெற்றதும் மக்களின் சோம்பலாலோ சுறுசுறுப்பாலோ நேர்ந்தவையல்ல. நிலத்தின் சரிவால் நேர்ந்தவை. அந்தச் சமதரையிலும் சோளகக் காற்றுக்கு எதிராகப் பண்ணைப் பாலத்தைக் கடந்தவர்கள், காற்றும் ஒரு மலையே என்பதை அறிவர்.

யப்பானிய நகரங்களின் தாய்மாரையும் ஈண்டு குறிப்பிடல் தகும். முன்னொன்றும் பின்னொன்றுமாக இரு குழந்தைகளை ஏற்றிச் செல்வதற்கு, உரிய பாதுகாப்புத் தரமுடைய வண்டிகளுக்கு 2009 இல் அங்கே அனுமதி வழங்கப்பட்டது. வண்டியும் குழந்தைகளும் தாயுமாக நூற்றுப் பதினைந்து கிலோகிராம் எனின், மேற்கூறிய சரிவில் வேண்டிய வலு 190 உவாற்றை நெருங்கும். குழந்தைகளைப் பாலர் பாடசாலையில் விட்டு, வேலைக்குச் சென்று, மாலையில் மரக்கறியும் குழந்தைகளுமாகத் திரும்பும் பெண்ணின் வண்டியில் ஒரு மோட்டார் இருப்பதைக் கண்டு அவளைச் சோம்பேறி என்பவர், உழைப்பு என்னும் சொல்லின் பொருளை அறியாதவர். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் பொழுதுபோக்காக ஐம்பது கிலோமீற்றர் ஓடித் திரும்புபவரின் வியர்வை கண்ணுக்குத் தெரிகிறது. வாரம் முழுவதும் வீட்டிலும் வேலைத்தலத்திலும் சிந்தப்படும் வியர்வை கண்ணுக்குத் தெரிவதில்லை. முன்னது ஓய்வுநேரம் உடையோரின் வியர்வை. பின்னது அந்நேரமே அற்றோரின் வியர்வை. வியர்வை அறத்தின் வர்க்க முகமும் ஆணாதிக்க முகமும் இவ்விடத்தில் வெளிப்படுகின்றன.

இவ்வறத்தின் மிகப்பெரிய முரண்பாடு வேறொன்று. காரில் செல்பவரை எவரும் சோம்பேறி என்பதில்லை. இரண்டு கிலோமீற்றர் தூரத்திலுள்ள கடைக்கு ஓராயிரம் கிலோகிராமுக்கு மேற்பட்ட இரும்பை நகர்த்திச் செல்பவர், சமூகத்தில் வசதியுள்ளவர் எனவே மதிக்கப்படுகிறார். மோட்டார் சைக்கிளில் செல்பவரும் குற்றவாளியல்லர். பாதி உழைப்பைத் தாமே தருபவர் மட்டுமே நாணவேண்டியவர் ஆகிறார்! முழுமையாகக் கைவிட்டவரைப் போற்றி, பாதி கைக்கொண்டவரைத் தூற்றும் அறம் எத்தகைய அறம்? இந்நாட்டின் நிலை இன்னும் கொடியது. சைக்கிள் ஏழ்மையின் அடையாளம் என்று மேலிருந்து ஒரு ஏளனம். மோட்டார் பூட்டியது சோம்பலின் அடையாளம் என்று பக்கத்திலிருந்து ஒரு ஏளனம். இவ்விரண்டுக்கும் அஞ்சுபவர் இறுதியில் வாங்குவது மோட்டார் சைக்கிளையே. தூய சைக்கிளின் காவலர்கள் தம்மை அறியாமலேயே பெற்றோலுக்கு ஆள்சேர்க்கின்றனர்.

நாணம் நீங்கிய நாடுகளில் நிகழ்வது இதற்கு மறுதலையானது. துவிச்சக்கரவண்டியின் தாயகம் போன்ற நெதர்லாந்தில் 2020 ஆம் ஆண்டில் விற்பனையான புதிய சைக்கிள்களில் ஏறத்தாழ அரைவாசி மின்சைக்கிள்கள். ஜேர்மனியில் 2023 ஆம் ஆண்டில் முதன்முறையாக அவை சாதாரண சைக்கிள்களின் விற்பனையை விஞ்சின. சைக்கிளை நன்கறிந்த சமூகங்களே இதனை ஏற்றுக்கொண்டன என்பது குறிப்பிடத்தக்கது.

இதுவரை நோக்கியவை எளிய எதிர்ப்புகள். சிந்தனைத் தரத்தில் உயர்ந்த எதிர்ப்பொன்றும் உண்டு. 1974 இல் நூலாக வெளிவந்த 'ஆற்றலும் சமத்துவமும்' என்னும் கட்டுரையில் இவான் இலிச், மோட்டார் போக்குவரத்து மனிதரின் நேரத்தை விழுங்கிச் சமத்துவத்தை அழிக்கிறது என்றும், சைக்கிளே மனிதனின் தன்னாட்சிக்கு உகந்த கருவி என்றும் வாதிட்டார். இவ்வழி நின்று நோக்குவோர், சைக்கிளில் மோட்டாரைப் பூட்டுவது கோட்டைக்குள் பகைவனை அழைப்பது போன்றது எனக் கூறலாம். இவ்வெதிர்ப்பு மதிப்புக்குரியது. ஆயினும், இலிச் கண்ட தீமை மோட்டார் என்னும் பொருளில் அன்று, அளவு மீறிய வேகத்திலும் ஆற்றலிலும் இருந்தது. போக்குவரத்து வண்டி மணிக்குப் பதினைந்து மைல் என்னும் எல்லையைக் கடந்த பின்னரே நேரப்பஞ்சம் வளர்ந்தது என்பது அவரது கணிப்பு. பதினைந்து மைல் என்பது இருபத்துநான்கு கிலோமீற்றர். மின்சைக்கிளின் துணை அறுந்துபோகும் எல்லை இருபத்தைந்து கிலோமீற்றர்! ஆற்றலின் அளவும் அவ்வாறே. ஒரு லீற்றர் பெற்றோலில் அடங்கியுள்ளது ஏறத்தாழ ஒன்பது அலகு. மின்சைக்கிளின் பற்றறி ஒன்று கொள்வது பொதுவாக அரை அலகு மின்சாரம். இலிச்சின் அளவுகோலைக் கையிலெடுப்பவர் அதனாலேயே அளந்து பார்த்தல் நன்று.

இன்னொரு எதிர்ப்பு இம்மண்ணுக்கே உரியது. 1990 இன் பின் ஐந்தாண்டுகள் பொருளாதாரத் தடையின் கீழ் யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரமும் பெற்றோலும் இன்றி வாழ்ந்தது. அரிசி மூடையும் விறகும் நோயாளரும் சைக்கிளிலேயே சென்றனர். வானொலி கேட்பதற்குச் சைக்கிளைக் கவிழ்த்துவைத்துப் பெடலைக் கையால் சுற்றி, தைனமோவில் மின்சாரம் எடுத்தனர். "அக்காலத்தில் எல்லாம் உழக்கியே வாழ்ந்தோம், இன்றைய தலைமுறைக்கு மோட்டார் வேண்டியிருக்கிறது" எனப் பெருமூச்செறிவோர் உளர். அந்த உழைப்பு வணக்கத்துக்குரியது, ஐயமில்லை. ஆனால், அது தெரிந்தெடுத்த அறமன்று, திணிக்கப்பட்ட துன்பம். துன்பத்தைத் தாங்கியவரைப் போற்றுதல் வேறு; துன்பத்தையே போற்றுதல் வேறு. வழி திறந்ததும் முதலில் மோட்டார் சைக்கிள் வாங்கியோரும் அம்மக்களே. அவர்களைச் சோம்பேறிகள் என எவரும் கூறத் துணிவதில்லை. 2022 ஆம் ஆண்டில் எரிபொருள் வரிசைகள் நாட்களாக நீண்டபோது, நாடு முழுவதும் பழைய சைக்கிள்கள் மீண்டும் வீதிக்கு வந்தன. பெற்றோல் மீண்டதும் அவற்றுட் பல மூலைக்குத் திரும்பின. ஏன் திரும்பின என்பதே கேட்கப்பட வேண்டிய வினா. தூரமும் வெயிலும் ஏற்றமும் சுமையும் மாறவில்லை. அவற்றைக் குறைக்கும் துணை கிடைக்கவில்லை. அறிவுரையால் சைக்கிளில் நிலைத்தவர் சிலர். துணை கிடைத்திருந்தால் நிலைத்திருக்கக் கூடியவர் பலர்.

மின்சைக்கிள் குறையற்றது என்பது இங்கு வாதமன்று. அதன் விலை சாதாரண சைக்கிளின் விலையைப் போல் பன்மடங்கு. பற்றறிக்கு வேண்டிய லிதியமும் கோபால்ற்றும் எங்கோ ஓரிடத்தில் யாரோ ஒருவரின் கடும் உழைப்பால் அகழப்படுகின்றன. சில ஆண்டுகளில் தேய்ந்துபோகும் பற்றறியை எங்கே போடுவது என்பதும் தீராத வினா. வேக எல்லையை அறுத்துவிட்டு நடைபாதையில் விரைபவர் கண்டிக்கப்பட வேண்டியவரே. இவை யாவும் உண்மையான விமர்சனங்கள். கூலி வேலைக்குப் பதினைந்து கிலோமீற்றர் உழக்கிச் செல்பவருக்கு எட்டாத விலையில் இவ்வண்டி நிற்பதுதான் உண்மையான அநீதி. வரி பற்றியும் கடன்வசதி பற்றியும் உள்நாட்டிற் பொருத்தும் தொழில் பற்றியும் கேள்வி எழுப்பவேண்டிய வாய்கள், சோம்பல் பற்றிப் பேசிப் பொழுதைக் கழிக்கின்றன. கேள்வி வண்டியின் விலையை நோக்கிச் செல்லாது செலுத்துபவரின் பண்பை நோக்கித் திருப்பப்படும்போது, விலையை விதிப்போர் தப்பித்துக்கொள்கின்றனர்.

எனவே, மின்சைக்கிள் செலுத்துபவர் சோம்பேறியா, ஏமாற்றுக்காரரா என்னும் வினா பிழையாகத் தொடுக்கப்பட்ட வினா. போட்டித்திடலில் விதி காக்கப்படட்டும். அங்கே மறைத்த மோட்டார் குற்றமே. வீதியில் கேட்கவேண்டிய வினா வேறு. அவர் போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தாரா? பிறருக்கு ஊறு செய்யாது சேர்ந்தாரா? நாளையும் அவ்வாறே செல்லக்கூடிய உடலோடும் மனத்தோடும் சேர்ந்தாரா? இம்மூன்றுக்கும் ஆம் என விடை கூறக்கூடியவர் எவருக்கும் கணக்குக் காட்டவேண்டியவரல்லர். மனிதன் சுமையை முதுகிலிருந்து இறக்கிச் சக்கரத்தில் ஏற்றிய நாளிலிருந்து நாகரிகம் வளர்ந்தது. அச்சக்கரத்துக்கு இன்னொரு கை கொடுப்பதைச் சோம்பல் என்பவர், சுமையைத் தாம் ஒருநாளும் சுமக்காதவராகவே இருத்தல் கூடும்.